எதிர் மூலையில் ஆள் இல்லை

நடுவர் என் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கினார். மாநிலப் போட்டி, பெண்கள் ஹெவிவெயிட், தங்கம். தகரக் கூரைக்கு மேல் வெயில் காய்ந்து, அரங்கம் இட்லிக் கொப்பரை மாதிரி வெந்துகொண்டிருந்தது. கையுறைக்குள் வியர்வை கசகசத்தது. இரவல் தலைக்கவசத்தில் யாரோ தடவிய தேங்காய் எண்ணெயின் பழைய வாடை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கீழே ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படத்தில் நானும் நடுவரும் மட்டும்தான் இருந்தோம். தோற்றவர் எங்கே என்று எடுத்தவருக்கும் தோன்றவில்லை, பார்த்தவர்களுக்கும் தோன்றவில்லை.

தோற்றவர் என்று ஒருவர் இல்லை. எதிர் மூலை காலி. போட்டிக்கு ஆள் வராவிட்டால் வந்தவர் ஜெயித்தவர். அதற்கு வாக்ஓவர் என்று பெயர். மணி அடித்தார்கள், ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள், என்னை சாம்பியன் என்று அறிவித்தார்கள். அந்த ஒரு நிமிஷமும் நான் இரண்டு கைகளாலும் முகத்தைக் காத்துக்கொண்டு முறைப்படி நின்றேன். காற்று என்னை அடிக்கவில்லை.

இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கும் சின்னமனூர் வாசகி ஒருவர், “உங்கள் குத்தில் எத்தனை பேர் சுருண்டு விழுந்தார்கள் என்பதை மட்டும் எழுதவே மாட்டேன் என்கிறீர்களே” என்று கேட்டிருந்தார். அது என் அடக்கம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

கடைசிக் கட்டம்

குத்துச்சண்டைக்கு நான் எப்படிப் போனேன் என்பதற்குக் கம்பத்தில் ஒரு கதை உலவுகிறது. பஸ்ஸில் வம்பு செய்தவனை ஓங்கி அறைந்தேனாம், அதைப் பார்த்த பெரிய மனிதர் ஒருவர் என்னைக் கையோடு அழைத்துப் போனாராம். நான் பஸ்ஸில் யாரையும் அறைந்ததில்லை. என்னுடைய எண்பத்தாறு கிலோவைப் பார்த்துவிட்டு எவனும் வம்புக்கு வந்ததே இல்லை.

அப்போது உத்தமபாளையத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சுருளிப்பட்டிப் பாதையில் திராட்சைத் தோட்டம். விடுமுறை நாட்களில் பழப்பெட்டிகளை இரண்டு இரண்டாகத் தூக்கி வண்டியில் ஏற்றுவேன். நான் செய்த தேகப்பயிற்சி அது ஒன்றுதான். மற்றபடி என் உடம்பின் முழுப் பெருமையும் அம்மாவின் கைக்குத்தான் சேரும்.

எங்கள் பி.டி. சார் ஒருநாள் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்கே வந்தார். பெண்கள் குத்துச்சண்டை அணிக்கான படிவம். எடைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் பெயர் ஏறியிருந்தது. கடைசிக் கட்டம், எண்பத்தொரு கிலோவுக்கு மேல், காலியாக இருந்தது. சார் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. என் திறமை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு இவ்வளவுதான்.

சார் கபடி ஆடியவர். குத்துச்சண்டையைத் தன்னுடைய போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் மைதானத்தில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் ஹூக் என்ற குத்தைக் கற்பிக்கும் வீடியோ, அந்த வெள்ளைக்காரர் கையைப் பின்னால் கொண்டுபோனதும் நின்றுவிடும். நானும் கையைப் பின்னால் கொண்டுபோய் நிற்பேன். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். சாம்பியனான பிறகும் வெகுநாள் எனக்குப் பாதி ஹூக்தான் தெரியும்.

வெற்றிமேல் வெற்றி

முதல் மாநிலப் போட்டிக்குப் போனபோது எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். அதிகாரி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். போட்டி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. இரவெல்லாம் தூங்காமல் கிடந்து மறுநாள் மேடை ஏறினால், எதிரே ஆள் இல்லை. தங்கம். அடுத்த வருஷமும் அப்படியே. இரண்டாவது முறை நன்றாகத் தூங்கினேன்.

கம்பம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வாழ்த்துவோர் படங்கள் பெரிதாகப் பதினொன்று, நடுவில் நான். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்காரரிடம் குத்துச்சண்டை வீராங்கனையின் படம் கைவசம் இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டு ஆணின் உடம்பில் என் தலையை ஒட்டிவிட்டார். சட்டையில்லாத மார்பு, அதில் உருண்டு திரண்ட தசை, மேலே குங்குமப் பொட்டோடு நான். அம்மா பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, அந்த உடம்புக்கு நீலப் பெயின்ட்டில் ஒரு சட்டை வரைந்துவிட்டுப் போனார்.

பாராட்டு விழாவில் பேசியவர், எதிரியை ஒரே குத்தில் சாய்த்த வீரமங்கை என்றார். மைக்கை வாங்கி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். பொன்னாடை கழுத்தைச் சுற்றி இருக்கும்போது உண்மை பேசுவது கஷ்டம். வேண்டுமானால் போர்த்திக்கொண்டு பாருங்கள்.

அப்பாவுக்கு நான் வாக்ஓவரைச் சொல்லவில்லை. தங்கம் என்றேன், அவர் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு வருஷமும் மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் எல்லார் கையிலும் ஆளுக்கொரு கொத்து பன்னீர் திராட்சை கொடுத்தார். எத்தனை பேரை அடித்தாய் என்று கேட்பவர்களிடம், “என்னையப் பாத்தாலே ஓடிப் போயிர்றாக” என்று சொல்லப் பழகினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஓடுவதற்கும் ஒரு ஆள் வேண்டும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இடையில் போடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை தனியாகப் பேச வேண்டும் என்றார். பேசினார். எனக்குக் கோபம் வருமா என்று கேட்டார். வராது என்றேன். அந்த அமைதியான பதிலிலேயே பயந்துபோய்விட்டார்.

வத்தலக்குண்டு ஸ்டெல்லா

மூன்றாவது வருஷம் விதி மாறியது. ஒரு ஆட்டமாவது ஆடினால்தான் சர்ட்டிபிகேட் என்றார்கள். எங்கள் சங்கத்தின் பெயர் வேண்டாம், அது லெட்டர்பேடில் மட்டும் இருந்த சங்கம். அதன் செயலாளர் கலங்கவில்லை. எதிராளி இல்லையென்றால் ஒன்றைத் தயார் செய்துவிடுவோம் என்று கிளம்பினார். வத்தலக்குண்டில் குண்டு எறியும் பெண் ஒருத்தியைப் பிடித்தார். பெயர் ஸ்டெல்லா. குத்துச்சண்டைக் கையுறையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. எடையும் எழுபத்தொன்பதுதான். காலையில் பதினொரு வாழைப்பழமும் மூன்று பாட்டில் தண்ணீரும் உள்ளே தள்ளி எண்பத்தொன்றைத் தாண்ட வைத்தார்கள்.

உடை மாற்றும் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“செயலாளர் சார் மொத ரவுண்டுலயே ஒக்காந்துரச் சொன்னாக. எனக்கு சர்ட்டிபிகேட் கெடச்சாப் போதும்க்கா. மொகத்துல மட்டும் அடிக்காதீக. போலீஸ் செலக்சனுக்குப் போட்டோ எடுக்கணும்.”

நான் இரண்டு முறை மாநில சாம்பியன். பெருந்தன்மை என்று ஒன்று வேண்டாமா? அவள் தோளில் கைவைத்து, “பயப்படாத, தொட்டுட்டு விட்டுர்றேன்” என்றேன்.

மணி அடித்தது. என் வாழ்க்கையில் எதிர் மூலையிலிருந்து ஒரு ஆள் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இரண்டு முறை தோளில் தொட்டேன். மூன்றாவது முறை கொஞ்சம் பலமாகத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஸ்டெல்லா பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தாள். இடுப்பைச் சுழற்றி, தோளிலிருந்து, இரும்புக் குண்டை வீசுகிற மாதிரி வலது கையை வீசினாள்.

கண் திறந்தபோது கூரையில் ஒரு மின்விசிறி தெரிந்தது. அதில் மூன்று இறக்கையில் ஒன்று வேறு நிறம். நடுவரின் விரல்கள் என் முகத்துக்கு மேலே ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று மட்டும் ஞாபகம் வரவில்லை.

ஸ்டெல்லா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தெரியாமல் பட்டுவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாள். செயலாளர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை.

ஹாட்ரிக்

கன்னத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கத்தோடு கம்பத்தில் வந்து இறங்கினேன். எதிரே ஃப்ளெக்ஸ். ‘ஹாட்ரிக் நாயகியே வருக.’ நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றே அடிக்கக் கொடுத்துவிட்டார்களாம். அதே வெளிநாட்டு உடம்பு, இந்த முறை சட்டையோடு. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அதன் கீழேயே நடந்து போனேன். இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

அப்பா மார்க்கெட்டில் கொத்துக் கொத்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். என் கன்னத்தைப் பார்த்தார். “பலமான ஆளோ?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மைதான். அந்த மூன்று வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே முழு உண்மை.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றதற்காக அல்ல. தோற்றது என்றால் என்ன என்றே எனக்குத் தெரியவில்லை, நான்தான் ஆடவே இல்லையே. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், நான் கண்ணைத் திறந்துகொண்டு நடித்தேன். உண்மையில் எனக்குக் குத்துச்சண்டை வருமா வராதா? அது தெரியாமல் மேற்கொண்டு ஒரு நாள்கூட இருக்க முடியாது போலிருந்தது.

அடுத்த நாள் விடிவதற்கு முன் எழுந்து ஓடினேன். சுருளிப்பட்டிப் பாதையில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே, நாய்கள் முதலில் குரைத்துப் பிறகு சலித்து விட்டுவிடும்வரை ஓடினேன். சாக்கில் மணலும் தேங்காய் நாரும் அடைத்து வேப்பமரத்தில் கட்டினேன். பி.டி. சார் நல்ல சிக்னல் உள்ள இடமாகப் பார்த்துப் போய் அந்த வீடியோவை முழுசாக இறக்கிக்கொண்டு வந்தார். அந்த வெள்ளைக்காரரின் கை கடைசியில் முன்னால் வந்தபோது, இரண்டு பேரும் அதை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தோம். கல்லூரிப் பையன்களோடு மோதிப் பழகினேன். முழங்கை வீங்கியது, உதடு கிழிந்தது, ஐந்து கிலோ குறைந்து எல்லைக்கோட்டில் வந்து நின்றேன். ஒரு வருஷம். எல்லாம் ஸ்டெல்லாவுக்காக.

ஆனந்தக் கண்ணீர்

ஆரம்பத்தில் சொன்ன அந்த மேடை, அந்த வெயில், அந்தப் படம், எல்லாம் அந்த வருஷத்துப் போட்டிதான். ஸ்டெல்லா வரவில்லை. போலீஸில் வேலை கிடைத்துப் பயிற்சிக்குப் போய்விட்டாள் என்று எடை பார்க்கும் இடத்தில் சொன்னார்கள். ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும் என்ற விதி என்னவாயிற்று என்று கேட்டேன். அதைப் போன மாதமே எடுத்துவிட்டார்களாம்.

ஆக, பதிவேட்டின்படி நான் வென்ற தங்கம் மூன்று. ஆடிய ஆட்டம் ஒன்று. தோற்ற ஆட்டம் ஒன்று. உலகத்தில் எந்த சாம்பியனுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்காது. அதை நினைத்துத்தான் அழுதேன். பேப்பர்காரர் படமெடுத்துக்கொண்டார்.

பந்தோபஸ்து

சில மாதங்கள் கழித்துக் கம்பத்தில் கோயில் திருவிழா. கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து “அக்கா” என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் காக்கி உடுப்பில், லத்தியோடு ஸ்டெல்லா. பந்தோபஸ்துக்கு வந்திருந்தாள். என் தாடையைத்தான் முதலில் பார்த்தாள்.

கரும்புச்சாறு குடித்துக்கொண்டே அவள் கதையைச் சொன்னாள். ஸ்டேஷனில் அவளுக்குப் பெயரே பாக்ஸராம். எங்கே அடிதடி நடந்தாலும் அவளைத்தான் முன்னால் அனுப்புகிறார்களாம். நாலு குடிகாரர்கள் கட்டிப் புரளும் இடத்துக்குள் மாநில சாம்பியன் என்று தள்ளிவிடுவார்களாம். லத்தியை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாளாம். இலாகா அணியில் சேர்த்துப் பயிற்சியும் கொடுக்கிறார்கள், நேராகக் குத்தக் கற்றுக்கொண்டாள், ஆனாலும் அந்தப் பட்டம் தன்னுடையதில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறதாம்.

“அன்னைக்கி நாங் கண்ணத் தொறக்கவே இல்லக்கா. ஒரு தடவ கண்ணத் தொறந்துக்கிட்டு அடிச்சுப் பாக்கணும்.”

நான் ஒரு வருஷமாக ஓடியதை, மணல் மூட்டையைக் குத்தியதை அவளிடம் சொன்னேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். எங்கள் நெற்களத்தில் வைத்துக்கொள்வதென்று முடிவானது. வெளியே யாருக்கும் சொல்வதில்லை. பி.டி. சார் மட்டும் நடுவர்.

ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா தோட்டத்தில் கவாத்து செய்துகொண்டிருந்தார். அவருடைய கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு, “அப்பா, நான் இதுவரைக்கும் யாரையும் ஜெயிச்சதில்ல” என்றேன். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரி நின்றது.

“அப்ப நான் ஊருக்கெல்லாம் குடுத்தது?” என்றார்.

அவர் மறுபடியும் கவாத்தைத் தொடங்கினார். இரண்டு நாள் தோட்டமே கதியாகக் கிடந்தார். வெட்ட வேண்டாத கொடியையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருந்தார்.

களத்தில்

வைக்கோலைப் பரப்பி அதன்மேல் தார்ப்பாய் விரித்தோம். நாலு மூலையிலும் மூங்கில் நட்டு வாழைக்குக் கட்டும் கயிற்றைச் சுற்றினோம். பி.டி. சார் விசிலோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதல் முறையாக ஒரு உண்மையான ஆட்டத்தைப் பார்க்கப் போகிற பரபரப்பு அவருக்கு. ஆரம்பிக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மோட்டார் ரூம் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

முதல் ரவுண்டு ஸ்டெல்லாவுடையது. அவளுடைய இடது கை நேராக வந்து வந்து போனது. என் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. இதுதான் பயம் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது ரவுண்டில் அவள் இடது கை திரும்பிப் போகும்போது கொஞ்சம் தாழ்வதைக் கவனித்தேன். அடுத்த முறை தாழ்ந்ததும் என் வலது கையைப் பின்னால் கொண்டுபோய், முழுசாக முன்னால் கொண்டு வந்தேன். அவள் கன்னத்தில் பட்ட சத்தம் களம் முழுக்கக் கேட்டது. அவள் தடுமாறி நிமிர்ந்து, அதற்கு வட்டியாக என் விலாவில் ஒன்று வைத்தாள்.

மூன்றாவது ரவுண்டில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கியதுதான் அதிகம். அப்படியிருந்தும் ஒரு இடைவெளி கிடைத்தது. அடித்தேன். ஸ்டெல்லா ஒரு முழங்காலில் இறங்கினாள். செயலாளர் சொன்னபடி உட்காரவில்லை, நான் அடித்து உட்கார்ந்தாள். சார் ஆறு எண்ணும்போது எழுந்துவிட்டாள். எழுந்து கடைசி விசில்வரை என்னை விடாமல் அடித்தாள். சார் கொஞ்சம் யோசித்து, அவளிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில், ஜெயித்தது நான் என்று சொன்னார்.

அப்பா வந்தார். நேரே ஸ்டெல்லாவிடம் போய்த் தண்ணீர் கொடுத்தார். அவள் கிழிந்த உதட்டைப் பார்த்தார்.

“எம் மகதான் அடிச்சாளா?”

“ஆமாப்பா” என்றாள் ஸ்டெல்லா. “நல்லா வலிச்சிச்சு.”

அப்பா என் பக்கம் திரும்பினார். கையுறையின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கிறது என்றேன். சரி என்றார். அந்தச் சரிக்கு ஈடாக ஒரு பொன்னாடையும் எனக்கு இதுவரை போர்த்தப்படவில்லை.

ஸ்டெல்லா சாப்பிடாமல் போகக் கூடாது என்று வீட்டுக்கு அழைத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை, மீன்குழம்பு வைத்திருந்தாள் அம்மா. இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பொதுவாகத் திட்டித் தீர்த்தாள். மெல்ல முடியவில்லை என்றதும் சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள்.

“யாரு ஜெயிச்சது?” என்று கேட்டாள்.

ஸ்டெல்லா வாயில் சோற்றோடு என்னைக் கைகாட்டினாள். அம்மா சட்டியைத் துழாவி, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, முள்ளைப் பிரித்து அவள் தட்டில் வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவதும் வைத்தாள். தோற்ற பிள்ளைக்குத்தான் வலி அதிகம் இருக்கும் என்றாள்.

என் தட்டுக்கு வந்தபோது குழம்பு மட்டும்தான் மிச்சம். ஜெயித்தவளுக்கு அது போதுமாம். ஆட்சேபிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். தாடை வலித்தது. மூடிக்கொண்டேன்.